நீர்ப்பிடிப்பு நிலமும் ஏரி நீரின் தரமும்

பெரும்பாலான ஏரிகளில் நேராக நீர்ப்பரப்பின்மேல் விழும் மழை, மொத்த வரத்தில் சிறு பங்குதான். மீதி நீர் முதலில் மண்ணில் விழுகிறது. வயலையும் காட்டையும் தெருவையும் கடந்து, ஓடைகளிலும் வரத்துக் கால்வாய்களிலும் இறங்கி, சில இடங்களில் நிலத்தடியில் மாதக்கணக்கில் ஊர்ந்து ஏரிக்கு வருகிறது. இப்படித் தன்மேல் பெய்யும் மழையை ஓர் ஏரிக்கு அனுப்பும் நிலம் முழுவதும் அந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே என்ன விளைகிறது, என்ன கட்டப்பட்டிருக்கிறது, மண் செடிகொடியால் மூடியிருக்கிறதா திறந்து கிடக்கிறதா என்பவைதான் ஏரி நீரின் தெளிவையும் நிறத்தையும் அதில் வாழும் உயிர்களையும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஏரியில் பாசி படர்ந்தால் கரையோரத்தில் மட்டும் காரணத்தைத் தேடுவது போதாது. காரணம் பல கிலோமீட்டர் தள்ளி, ஏரியையே பார்த்திராத ஒருவரின் வயலிலோ வீட்டிலோ இருக்கக்கூடும்.

நிலத்தில் நேரும் ஒரே மாற்றம் எல்லா ஏரிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஏரியின் பரப்பைவிட அதன் நீர்ப்பிடிப்பு எத்தனை மடங்கு பெரியது, ஏரி எவ்வளவு ஆழம், வந்த நீர் எவ்வளவு காலம் தங்குகிறது என்ற மூன்றையும் பொறுத்து விளைவு மாறும். அமெரிக்காவின் தாஹோ ஏரி 500 மீட்டர் ஆழமுடையது. அதன் நீர்ப்பிடிப்பு நிலம் ஏரிப் பரப்பைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. அதற்குள் புகுந்த நீர் சராசரியாக 650 ஆண்டுகள் தங்குகிறது. எனவே மாசு மெல்லச் சேரும், ஆனால் சேர்ந்தது எளிதில் வெளியேறாது. தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரிகள் இதற்கு நேர்மாறு. ஆழம் சில மீட்டர்தான்; நீர்ப்பிடிப்போ ஏரியைவிடப் பல மடங்கு பெரிது; ஒரே பருவமழையில் நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து, கோடையில் வற்றவும் செய்யும். இவற்றில் மேட்டு நிலத்தில் நேர்ந்த மாற்றம் ஓரிரு ஆண்டுகளிலேயே நீரில் தெரிந்துவிடுகிறது.

ஓடிவரும் நீர் மண் துகள், தழைக் கழிவு, உப்புகள், நோய்க் கிருமிகள், பூச்சிக்கொல்லி, உலோகங்கள் எனப் பலவற்றைச் சுமந்து வருகிறது. ஆனால் நன்னீர் ஏரிகளின் சீர்கேட்டில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும், அவற்றிலும் பாஸ்பரஸுக்கு, தனி இடம் உண்டு. மற்ற சத்துகள் போதிய அளவு இருந்தாலும் பாஸ்பரஸ் குறைவாக இருக்கும்வரை பெரும்பாலான ஏரிகளில் பாசி அடங்கியே இருக்கும். இதைக் கண்ணால் காணும்படி நிறுவியது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஆய்வு ஏரிகளில் 1973-ல் தொடங்கிய ஒரு சோதனை. டேவிட் ஷிண்ட்லரின் குழு, நடுவில் இடுங்கிய 226-ஆம் எண் ஏரியைத் தடித்த திரையால் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்க்கப்பட்டன. மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் பெற்ற பாதி மட்டும் பச்சையாகிப்போனது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு ஆதரவு திரட்டியதில் பெரும் பங்கு வகித்தது. நைட்ரஜனைப் புறக்கணிக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சின் மூலக்கூறில் நைட்ரஜன் மிகுதி. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும் ஏரிகளில் அந்த நஞ்சும் கூடக்கூடும்.

காடு மூடிய நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் நீரில் இந்தச் சத்துகள் மிகக் குறைவு. மழையின் வேகத்தை இலைத்தளம் தணிக்கிறது, சருகுப் படுகை நீரை உறிஞ்சுகிறது, வேர்கள் சத்தை மறுபடி மேலே இழுத்துக்கொள்கின்றன. இந்த வேலையின் அளவை, காடு அகற்றப்பட்டபோதுதான் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில், 1965-ன் இறுதியில் ஒரு சிறு பள்ளத்தாக்கின் மரங்கள் முழுவதும் வெட்டப்பட்டு அங்கேயே விடப்பட்டன. பிறகு களைக்கொல்லி தெளித்துப் புதிய தளிர்களும் தடுக்கப்பட்டன. முதல் ஆண்டிலேயே ஓடையின் நீரோட்டம் ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது. நீரிலிருந்த நைட்ரேட் பல பத்து மடங்கு உயர்ந்து குடிநீர் வரம்பைக் கடந்தது. அந்த நிலத்தில் யாரும் ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரஜனை மடக்கி வைத்திருந்த உயிர்த்தொகுதி நின்றுபோனதே காரணம். நிலப் பயன்பாடு மாறும்போது புதிதாக என்ன கொட்டப்படுகிறது என்பதோடு, எந்தத் தடுப்பு அகற்றப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வேளாண் நிலத்தில் இரண்டுமே நடக்கின்றன. நிலத்தை மூடியிருந்த தாவரம் போகிறது. உரமும் எருவும் சேர்கின்றன. சிக்கலின் வேர் ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் வயலிலிருந்து ஆண்டுக்கு ஒரு கிலோ பாஸ்பரஸ் வழிந்துபோனால், பல கிலோ இட்ட விவசாயிக்கு அது கண்ணில் படாத இழப்பு. விளைச்சலில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஏரி நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்பதே பாசிப் பெருக்கத்தை எதிர்பார்க்கத்தக்க அளவு. அந்த ஒரு கிலோ, 3.3 கோடி லிட்டர் தூய நீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். எந்த விவசாயியும் கவனக்குறைவாக இல்லாமலே ஓர் ஏரி கெட்டுப்போக முடியும். விவசாயிகள்மீது பழி சுமத்தும் பேச்சு இந்தக் கணக்கைக் காணத் தவறுகிறது.

இதை உலகம் விரிவாக அறிந்துகொண்ட இடம் ஈரி ஏரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள அது, ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 7 மீட்டர் அளவுதான். மேற்குப் பகுதிக்கு வரும் நீரில் பெரும்பங்கு டெட்ராய்ட் ஆற்றினுடையது. அதனோடு ஒப்பிட்டால் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகருக்கருகே கலக்கும் மௌமி ஆற்றின் நீர் சொற்பம். ஆனால் மேற்குப் பகுதியின் கோடைப் பாசி எவ்வளவு பரவும் என்பதை மௌமியில் மார்ச் முதல் ஜூலை வரை வரும் பாஸ்பரஸின் அளவை வைத்தே கணிக்கிறார்கள். மௌமியின் நீர்ப்பிடிப்பு 16,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் முக்கால் பங்கு அளவுக்கு மக்காச்சோளமும் சோயாவும் கோதுமையும் விளையும் வயல்கள்.

அந்த வயல்களில் கணிசமான பகுதி 150 ஆண்டுகளுக்கு முன் வயலாக இல்லை. பெருங் கருஞ்சதுப்பு என்று குடியேறியவர்கள் அழைத்த, ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் மரச்சதுப்பு அங்கே இருந்தது. ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும் நீரை நிறுத்தி, வண்டலைப் படியவைத்து, சத்துகளை உண்டு தீர்த்த நிலம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுட்ட களிமண் குழாய்களை மண்ணுக்கடியில் பதித்து அதை வடித்தார்கள். சதுப்பு அந்த மாநிலத்தின் செழிப்பான உழவு நிலமானது. அன்று தொடங்கிய நிலத்தடி வடிகுழாய் வலை இன்று பிளாஸ்டிக் குழாய்களாகி மேலும் நெருக்கமாகியிருக்கிறது. ஏரிக்கும் வயலுக்கும் நடுவே இருந்த வடிகட்டி போய், அதன் இடத்தில் நேர்வழி அமைந்தது.

1960-களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. அன்று ஏரிக்குள் ஆண்டுதோறும் 25,000 டன்னுக்கும் மேல் பாஸ்பரஸ் போய்க்கொண்டிருந்தது. பெரும் பங்கு நகரக் கழிவுநீரிலிருந்து வந்தது. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரி நீர்த்தர ஒப்பந்தம் செய்துகொண்டன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன, சலவைத்தூளின் பாஸ்பேட் குறைக்கப்பட்டது, ஆண்டுக்கு 11,000 டன் என்ற இலக்கு வகுக்கப்பட்டது. 1980-களில் அந்த இலக்கு ஏறக்குறைய எட்டப்பட்டு ஏரி தெளிந்தது. பொதுக் கொள்கை ஒரு பெரிய ஏரியை மீட்டதற்கு இது உலகளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது.

பிறகு 1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்ப வந்தது. மொத்தப் பாஸ்பரஸ் கூடியதாகத் தெரியவில்லை. மாறியது அதன் வடிவம். மண் துகளோடு ஒட்டி வரும் பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் பாசி பயன்படுத்த முடியும். நீரில் கரைந்து வரும் பாஸ்பரஸை ஏறக்குறைய முழுதாக உண்ணும். மௌமியில் கரைந்த வடிவத்தின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. 1970-களின் நடுவிலிருந்து ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அந்த ஆற்றில் இடைவிடாமல் மாதிரி எடுத்துவந்ததால்தான் இந்த மாற்றம் தெரியவந்தது.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நல்ல நோக்கத்தோடு பரப்பப்பட்ட உழவில்லா வேளாண்மையோடு தொடர்புடையது. உழாத வயலில் மண்ணரிப்பு குறைகிறது. துகளோடு போகும் பாஸ்பரஸும் குறைகிறது. ஆனால் மேலே தூவிய உரம் மண்ணோடு கலவாமல் மேல் அங்குலங்களிலேயே ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது. பனிக்காலத்துக்கு முன் உரத்தைத் தூவிவிட்டுப் போகும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. வசந்தகால அடைமழையில் நீர் அந்தச் செறிந்த அடுக்கைக் கரைத்து, மண்புழுத் துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் வடிகுழாய்க்குள் இறங்கி, ஓடைக்குப் போய்விடுகிறது. மண்ணரிப்புக்கு மருந்தான முறை, கரைந்த பாஸ்பரஸுக்கு வழி திறந்தது. மழையின் வேகம் கூடியதும் கால்நடைப் பண்ணைகளின் எருவும் நிலைமையை மோசமாக்கின. ஒரு மாசைக் குறைக்கும் நடவடிக்கை இன்னொன்றைக் கூட்டக்கூடும் என்பதை நீர்ப்பிடிப்பு மேலாண்மை இங்கே வலியோடு கற்றுக்கொண்டது.

2014 ஆகஸ்டு 2-ஆம் நாள் டொலிடோ நகரின் குழாய்நீரில் மைக்ரோசிஸ்டின் வரம்பு மீறியிருப்பது தெரிந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. காய்ச்சினால் இந்த நஞ்சு அழியாது, நீர் ஆவியாகி நஞ்சு செறியும். தடை மூன்றாம் நாள்தான் நீங்கியது. அடுத்த ஆண்டு ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ அரசுகள் மேற்குப் பகுதிக்குப் போகும் பாஸ்பரஸை 2025-க்குள் 40 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டன. ஒப்பீட்டு ஆண்டு 2008. இம்முறை குறைக்க வேண்டியது குழாய் வாயிலிருந்து கொட்டும் கழிவை அல்ல. மௌமி கொண்டுவரும் பாஸ்பரஸில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து சிறுகச் சிறுக வருவது.

2019-ல் இயற்கையே ஒரு சோதனை செய்துகாட்டியது. வசந்தகாலம் முழுவதும் மழை விடாததால் பல வயல்களில் விதைக்க முடியவில்லை. விதைப்பு இல்லாததால் உரமும் போடப்படவில்லை. ஆற்றில் வெள்ளம் மிகுதியாக இருந்தும், அவ்வளவு நீருக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிடக் குறைவான கரைந்த பாஸ்பரஸே வந்தது. அந்த ஆண்டு இடும் உரத்துக்கும் அந்த ஆண்டின் ஆற்று நீருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது இதனால் உறுதியானது. அப்படியிருந்தும் கணிசமான பாஸ்பரஸ் வந்துகொண்டேதான் இருந்தது. பல பத்தாண்டுகளாக மண்ணில் சேர்ந்த இருப்பு, புதிய உரத்தை நிறுத்திய உடனே தீர்ந்துவிடுவதில்லை.

நகர நிலம் வேறு வகையில் செயல்படுகிறது. கூரை, தார்ச்சாலை, சிமெண்ட் தளம் ஆகியவை மழையை உள்ளே விடுவதில்லை. நீர் மொத்தமாக, வேகமாக வடிகாலுக்குப் போகிறது. வழியில் டயர்த் துகளும் எண்ணெயும் விலங்குக் கழிவும் குப்பையும் சேர்கின்றன. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின் நீர் மிக அழுக்காக இருப்பது இதனால்தான். தாஹோ ஏரியில் இதன் விளைவு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளக்கப்பட்டுவருகிறது. வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தபோது, 1968-ல் ஆண்டுச் சராசரி 31 மீட்டராக இருந்தது. இன்று அது 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. கழிவுநீர் முழுவதும் ஏரிப் படுகைக்கு வெளியே கொண்டுபோகப்பட்ட பிறகும் தெளிவு குறைந்துகொண்டே வந்தது. ஆராய்ந்தபோது, 16 மைக்ரானைவிட நுண்ணிய மண் துகள்களே ஒளியைச் சிதறடிப்பதில் முதலிடம் பெறுவது தெரிந்தது. நீர்ப்பிடிப்பின் சிறு பங்கே உள்ள ஊர்களும் சாலைகளும் அந்தத் துகள்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் தருகின்றன. பனிக்காலத்தில் சாலையில் வழுக்காமலிருக்கத் தூவும் மணல் வண்டிச் சக்கரங்களில் அரைபட்டு நுண்தூளாகி ஏரிக்குப் போகிறது.

கழிவுநீரே மாசாக இருக்கும் ஏரியை மீட்பது ஒப்பளவில் எளிது. சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் 1955-ல் கேடு காட்டும் பாசி தென்பட்டது. டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற விலங்கியலாளர் அதன் போக்கை முன்கூட்டியே கணித்துச் சொன்னார். மக்கள் வாக்களித்து வடிகால் வாரியம் அமைத்தார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. ஒரு மீட்டராகச் சுருங்கியிருந்த தெளிவு சில ஆண்டுகளில் மூன்று மீட்டரைத் தாண்டியது. ஆழமான ஏரி, அடையாளம் தெரிந்த சில குழாய் வாய்கள், ஒரே நிர்வாகம் ஆகிய மூன்றும் அங்கே அமைந்திருந்தன.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரிக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கீழ்முனையில் உள்ள அந்த ஏரி, மேலே அடுக்கடுக்காக இருந்த ஏரிகளின் வழிநீரைப் பெற்றுப் பாசனத்துக்குக் கொடுத்துவந்தது. மேலேயுள்ள ஏரிகள் சில தூர்ந்து மனைகளாயின. மீதியுள்ளவை கழிவுநீர்த் தேக்கங்களாயின. கோடையில் வற்றிப் பருவமழையில் நிரம்பும் இயல்புடைய ஏரி, ஆண்டு முழுவதும் சாக்கடை நீரால் நிறைந்திருக்கத் தொடங்கியது. ஆகாயத்தாமரை மூடியது, சலவைப் பொருள்கள் கலந்த நீர் கலங்கலில் விழும் இடத்தில் நுரை மலையாய் எழுந்து சாலையில் பறந்தது, 2017-லும் 2018-லும் ஏரிப்பரப்பில் தீப்பிடித்தது. பெல்லந்தூரிலிருந்து நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் போகிறது. ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் வெளிவரும் நுரையும் நாற்றமும், மாநில எல்லைக்கு அப்பால் உள்ள பெருநகரத்தின் நிலப் பயன்பாட்டால் வருபவை. அந்த அணையின் பாசனத்தை நம்பியுள்ள கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளுக்கு அந்த நகரத்தின் நில அனுமதிகளில் எந்தச் சொல்லும் இல்லை. நீர்ப்பிடிப்பை முழுமையாகக் கருதாமல் ஊராட்சி, மாவட்டம், மாநிலம் என்று துண்டு துண்டாக நிர்வகிப்பதன் அநீதி இதுவே.

தமிழ்நாட்டின் சங்கிலி ஏரிகளிலும் இதே இயக்கம் சிறிய அளவில் நடக்கிறது. மேல் ஏரி வண்டலைப் பிடித்துக்கொண்டு தெளிந்த நீரைக் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு விடும் அமைப்பு அது. மேல் ஏரி தூர்ந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டாலோ அதன் வண்டலும் அடுத்த ஏரிக்கே போகும். வரத்துக் கால்வாயின் குறுக்கே மனைப்பிரிவு வந்தால் இரட்டைக் கேடு: மேட்டு நிலத்தின் மழைநீர் ஏரிக்கு வருவது நிற்கிறது; அதே மனைப்பிரிவின் கழிவுநீர் வரத் தொடங்குகிறது. மாசு கூடும்போதே அதை நீர்க்கச் செய்யும் நல்ல நீரும் குறைந்துவிடுகிறது. ஏரியின் பரப்பை மட்டும் அளந்து வேலி போட்டுக் காப்பதால் இது தீராது.

நிலத்துக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை நிறுவ ஆய்வாளர்கள் பொதுவாகச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பிடிப்பில் காடு, வயல், கட்டடம் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, பல ஏரிகளின் நீர்த்தர அளவீடுகளோடு ஒப்பிடுகிறார்கள். வயலும் கட்டடமும் கூடக் கூடச் சத்துகளும் கூடுவது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் தெரிகிறது. ஆனால் விழுக்காடு மட்டும் பார்த்தால் தவறு நேரும். ஓடையை ஒட்டிய சரிவில் உள்ள பத்து ஏக்கர் உழவு நிலம், எங்கோ சமமான மேட்டில் உள்ள நூறு ஏக்கரைவிட அதிகக் கேடு செய்யலாம். சமதளமும் வளமண்ணும் உள்ள இடத்தில்தான் விவசாயமும் அமைகிறது என்பதால், மண்ணின் இயல்பான விளைவு நிலப் பயன்பாட்டின் விளைவாகத் தோன்றவும் கூடும். மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். ஓர் ஆண்டின் பாஸ்பரஸில் பெரும்பகுதி சில நாள் வெள்ளத்தில் வந்துவிடுவதால், மாதம் ஒருமுறை அமைதியான நாளில் எடுத்த மாதிரி ஏறக்குறைய எதையும் சொல்லாது. இந்திய ஏரிகளைப் பற்றிய பல அறிக்கைகளின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது: ஏரிக்குள் இருக்கும் நீரின் செறிவு அளக்கப்படுகிறது, வரத்துக் கால்வாயில் மழைநாளில் வரும் சுமை அளக்கப்படுவதில்லை.

வரத்தைச் சீராக்கிய பிறகும் ஏரி உடனே தெளியாததற்கு அதன் அடிமண்ணே காரணம். பல ஆண்டுகளாக வந்த பாஸ்பரஸ் அங்கே இரும்போடு பிணைந்து படிந்திருக்கிறது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பாஸ்பரஸ் மீண்டும் நீருக்குள் வருகிறது. ஆழமற்ற ஏரிகளில் காற்றும் அடிமண்ணைக் கிளறும் மீன்களும்கூட இதைச் செய்கின்றன. சுவீடனின் வேக்‌ஷோ நகரில் உள்ள டிரும்மன் ஏரிக்குள் கழிவுநீர் விடுவது நின்ற பிறகும் பல ஆண்டுகள் அது தெளியவில்லை. 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளில் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வண்டலை உறிஞ்சி எடுத்த பின்பே பாசி குறைந்தது. தமிழ்நாட்டில் கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோன பழைய வழக்கமும் இதே வேலையைச் செய்தது: மேட்டு நிலத்திலிருந்து இறங்கிவந்த சத்து, மறுபடி விளைநிலத்துக்கே ஏறியது. அண்மைக் காலத்தில் விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி அளித்திருப்பது இந்த வகையில் பொருள் உள்ளது. மேட்டு நில ஓடைகளில் மண்ணரிப்பைத் தடுக்காமல் இதை மட்டும் செய்தால் சில ஆண்டுகளில் ஏரி மறுபடி தூர்ந்துவிடும். தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நகர்ப்புற ஏரிகளின் வண்டலில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதித்துப் பார்க்காமல் வயலில் கொட்டக் கூடாது.